உள்ளூர் பப் (இங்கிலாந்து)

உள்ளூர் பப் என்பது, இங்கிலாந்தில் ஒருவர் தம் வீட்டுக்கு அருகில் வழக்கமாகச் சென்று பீர் அருந்தும் மதுவகத்தைக் குறிக்கும். ஆங்கிலேயர் இதனை "லோக்கல்" என்றே சுருக்கமாக அழைப்பர். பப் என்பது "பப்ளிக் ஹவுஸ்", அதாவது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட வீடு, என்பதன் சுருக்கம் ஆகும். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் பப் என்றதும் உரத்த இசையும் நடன மேடையும் நினைவுக்கு வருகின்றன. இங்கிலாந்தின் உள்ளூர் பப் ஏறத்தாழ அதற்கு நேரெதிரானது. அங்கு நடப்பவற்றுள் முதன்மையானது பேச்சு.

ஒரே பப்புக்குப் பல ஆண்டுகளாக வருபவர் "ரெகுலர்" எனப்படுகிறார். இக்கட்டுரையில் இவர் நெடுநாள் வாடிக்கையாளர் எனக் குறிப்பிடப்படுகிறார். எந்தப் பப் நல்லது, எது கெட்டுவிட்டது என்பது பற்றி இவருக்கு உறுதியான கருத்துகள் இருக்கும். பீர் புளித்துவிட்டது, விலை கூடிவிட்டது, இசை காதைப் பிளக்கிறது, சாப்பிட வருவோருக்கே மேசை என்பன போன்ற இக்கருத்துகள் வெறும் முணுமுணுப்பாகத் தோன்றினாலும், பெரும்பாலும் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நுட்பக் காரணமோ சட்டக் காரணமோ உடைமைக் காரணமோ இருக்கின்றது.

பெயரும் தோற்றமும்

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் எனப்படும் பீர் வகையைத் தம் வீட்டிலேயே காய்ச்சி விற்றோர் பலர். பயணிகளுக்கான சத்திரங்களும், திராட்சை மது விற்ற கடைகளும் தனித்தனியே இருந்தன. இவை மூன்றும் காலப்போக்கில் கலந்து பப் என்னும் வடிவம் உருவானது. 1393ஆம் ஆண்டில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் ஆட்சியில், ஏல் விற்போர் வாயிலில் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும் என ஆணையிடப்பட்டது. எழுத்தறியாதோர் மிகுந்த காலம் ஆகையால் பலகைகளில் படங்களே இடம்பெற்றன. இன்றும் பல ஊர்களில் காணப்படும் "ஒயிட் ஆர்ட்" (வெள்ளைக் கலைமான்) என்னும் பப் பெயர், அம்மன்னரின் சின்னத்திலிருந்து வந்ததாகும்.

ஆர்வெலின் அளவுகோல்

நெடுநாள் வாடிக்கையாளரின் எதிர்பார்ப்புகளை எழுத்தில் வடித்தவர்களுள் மிகவும் அறியப்பட்டவர் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். இவர் 1946 பிப்ரவரி 9 அன்று இலண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் "தி மூன் அண்டர் வாட்டர்" என்னும் தலைப்பில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதே பெயருடைய தம் விருப்பமான பப் ஒன்றை அதில் விவரிக்கின்றார். அது பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலேயே, ஆனால் ஒரு பக்கத்தெருவில் இருப்பதால் குடித்துவிட்டுக் கலகம் செய்வோர் அங்கு வந்து சேர்வதில்லை. வருபவர்கள் நாள்தோறும் அதே நாற்காலியில் அமர்கின்றனர். பரிமாறும் பெண்களுக்குப் பெரும்பாலோரின் பெயர் தெரியும். வானொலியோ பியானோவோ இல்லை. பின்புறத்தில் குழந்தைகளுடன் அமரத்தக்க தோட்டம் உண்டு. கைப்பிடி இல்லாத கண்ணாடிக் குவளையில் பீர் தருவது அங்கு பெரும் பிழையாகக் கருதப்படுகின்றது.

கட்டுரையின் இறுதிப் பகுதியில், அப்படியொரு பப் இல்லவே இல்லை என்று ஆர்வெல் ஒப்புக்கொள்கிறார். அவர் வேண்டிய பண்புகள் பத்து. அவற்றுள் எட்டு உடைய பப் ஒன்றை மட்டும் அவர் அறிவார். கவனிக்க வேண்டியது யாதெனில், இப்பண்புகளுள் பீரைப் பற்றியவை மிகச் சில. எஞ்சியவை எல்லாம் இடம், ஆட்கள், அமைதி ஆகியவை பற்றியவை.

இதே காலத்தை ஒட்டி, மாஸ் அப்சர்வேஷன் என்னும் ஆய்வுக் குழுவினர் வட இங்கிலாந்தின் போல்ட்டன் நகரப் பப்புகளில் அமர்ந்து குறிப்பெடுத்தனர். 1930களின் பிற்பகுதியில் நடந்த இப்பணி 1943ஆம் ஆண்டில் "தி பப் அண்டு தி பீப்பிள்" என்னும் நூலாக வெளிவந்தது. வீட்டையும் பணியிடத்தையும் விட்டால் மக்கள் மிகுதியாக நேரம் கழிக்கும் கட்டிடம் பப்பே என்பது அவர்களின் கணிப்பு.

பீரின் நிலை

நெடுநாள் வாடிக்கையாளர் ஒரு பப்பை முதலில் எடைபோடுவது, அங்குள்ள பீரின் வகைகளைக் கொண்டு அன்று. அது வைத்துக் காக்கப்படும் நிலையைக் கொண்டு ஆகும். இதைப் புரிந்துகொள்ள, பீப்பாய் ஏலின் இயல்பை அறிய வேண்டும்.

ஆலையில் வடிகட்டிச் சூடேற்றி, ஈஸ்ட் நீக்கி, வளிமத்தின் அழுத்தத்தால் குழாய்க்குத் தள்ளப்படும் பீர் "கெக்" எனப்படுகிறது. இது பல வாரங்கள் கெடாது. இதற்கு மாறாக, பீப்பாய் ஏலில் ஈஸ்ட் உயிருடன் இருக்கும். அது ஆலையை விட்டு வந்த பின்னரும் பப்பின் நிலவறையில் நொதித்துக்கொண்டே இருக்கும். நிலவறைப் பொறுப்பாளர் பீப்பாயின் மேற்துளையில் நுண்துளைகள் உள்ள மென்மரத்தாலான முளையைச் செருகி மிகுதியான கரியமில வளிமத்தை வெளியேற்றுவார். கொதிப்பு அடங்கியதும் வன்மர முளையை அடித்து எஞ்சியதைக் காப்பார். ஈஸ்டும் பிற கசடும் அடியில் படிய ஒன்றிரண்டு நாள் ஆகும். நிலவறையின் வெப்பநிலை ஏறத்தாழ 11 முதல் 13 பாகை செல்சியசு வரை இருத்தல் வேண்டும். ஆங்கிலேயர் வெதுவெதுப்பான பீர் குடிப்பர் என்னும் கேலி இதிலிருந்தே பிறந்தது. உண்மையில் இது கிணற்றுத் தண்ணீரைவிடவும் குளிர்ச்சியானது.

கசட்டை விரைந்து படியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஒருவகைப் பசையைச் சேர்ப்பது மரபு. ஆகவே மரபான பீப்பாய் ஏல் கண்டிப்பான மரக்கறி உணவாளருக்கு உகந்தது அன்று. அண்மைக் காலத்தில் சில ஆலைகள் இப்பசை சேர்க்காமல் சற்றுக் கலங்கலான ஏலையும் விற்கின்றன.

ஏலை மேலே கொண்டுவரக் கைப்பம்பு பயன்படுகின்றது. ஒரு பைன்ட் (568 மில்லிலிட்டர்) இழுக்கப்படும்போது, அதே அளவு காற்று பீப்பாய்க்குள் நுழைகின்றது. காற்றுப் பட்ட ஏல் ஏறத்தாழ மூன்று நாளில் சுவை மங்கி, பின்னர் காடியாகப் புளிக்கத் தொடங்கும். இங்கு ஓர் எளிய கணக்கு உதவும். பப்புகளில் பெரிதும் காணப்படும் "ஃபர்கின்" என்னும் பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைன்ட் கொள்ளும். அடிக்கசடாக வீணாவதை விட்டுவிட்டாலும், மூன்று நாளில் அதைத் தீர்க்க நாளொன்றுக்கு 24 பைன்ட் விற்க வேண்டும். ஆறு கைப்பம்புகள் இருந்தால் நாளொன்றுக்கு 144 பைன்ட். எனவே, ஆளரவமற்ற ஒரு பப்பில் ஆறு வகை ஏல் இருப்பது புதிதாக வருபவருக்குப் பெருமையாகவும், அனுபவமுள்ளவருக்கு எச்சரிக்கையாகவும் தோன்றும். இரண்டே பம்புகள் உள்ள கூட்டமான பப்பை அவர் தயங்காமல் தேர்ந்தெடுப்பார். இது சுவை பற்றிய கருத்து அன்று, விற்பனை வேகம் பற்றிய கருத்து.

கெட்ட ஏலைத் திருப்பிக் கொடுப்பது தவறாகக் கருதப்படுவதில்லை. நல்ல பப்பில் வாதமின்றி மாற்றித் தருவர். நுரை பற்றிய பூசல் வேறு வகையானது. பம்பின் வாயில் நுண்துளைகள் கொண்ட ஒரு சிறு மூடியைப் பொருத்தினால் ஏல் பாலாடை போன்ற தடித்த நுரையுடன் வரும். வட இங்கிலாந்தில் இதையே விரும்புவர். தெற்கிலோ, நுரைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பர். விளிம்பு வரை அளவிடப்படும் குவளையில் குறைந்தது 95 விழுக்காடு நீர்மமாக இருக்க வேண்டும் என்பது பீர்த் தொழில்துறையின் வழிகாட்டுதல்.

பீப்பாய் ஏல் இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் குடிப்பவர்களே காரணம் எனலாம். 1960களில் பெரிய ஆலைகள், பராமரிப்புத் தேவையற்ற கெக் பீரைப் பப்புகளில் பரப்பின. 1971ஆம் ஆண்டில், அயர்லாந்தில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் இதற்கு எதிராக ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அது இன்று காம்ரா என்னும் பெயரால் அறியப்படுகின்றது. நல்ல ஏல் கிடைக்கும் பப்புகளை உறுப்பினர்களே குடித்துப் பார்த்துத் தெரிவு செய்து பட்டியலிடும் இதன் வழிகாட்டி நூல் 1974இல் முதன்முதலாக அச்சில் வந்தது. வாட்னிஸ் என்னும் ஆலையின் பீரை அந்நூல் கொள்ளைநோயோடு ஒப்பிட்டிருந்தது. பின்னர் அவ்வரி மாற்றப்பட்டது, எனினும் அறிவுரை மாறவில்லை. இவ்வியக்கத்திலும் பிடிவாதம் இல்லாமல் இல்லை. பீப்பாய்க்குள் காற்றுக்குப் பதிலாகச் சிறிதளவு கரியமில வளிமத்தை விட்டு ஏலின் ஆயுளை நீட்டும் கருவியை அது நெடுங்காலம் ஏற்க மறுத்தது. 2018ஆம் ஆண்டிலேயே அந்த எதிர்ப்பைக் கைவிட்டது. விற்பனை குறைந்த சிற்றூர்ப் பப்புகளுக்கு அக்கருவி மிகவும் தேவைப்பட்டது என்பதைக் கருதினால், இது காலம் கடந்த முடிவு.

பப் யாருடையது

பப்பை நடத்துபவர் "லேண்ட்லார்ட்", பெண்ணாயின் "லேண்ட்லேடி" என அழைக்கப்படுகிறார். நில உடைமையாளர் என்னும் பொருள் தரும் இச்சொல் பெரும்பாலும் பொருந்தாதது. அவர்களுள் பலர் குத்தகைதாரர்களே. விலை, கிடைக்கும் பீர் ஆகியவை பற்றிய வாடிக்கையாளரின் குறைகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

1830ஆம் ஆண்டின் பீரகச் சட்டம், வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி கட்டணத்தில் பீர் விற்கலாம் என அனுமதித்தது. ஜின் என்னும் சாராயத்திலிருந்து மக்களைப் பீருக்குத் திருப்புவது அதன் நோக்கங்களுள் ஒன்று. சில ஆண்டுகளில் பல்லாயிரம் பீரகங்கள் தோன்றின. 1869இல் உரிமம் வழங்கும் அதிகாரம் மீண்டும் நீதிபதிகளிடம் சென்றது, உரிமங்கள் அருகின. உரிமம் உள்ள கட்டிடம் மதிப்புப் பெற்றதால், பீர் ஆலைகள் அவற்றைப் போட்டி போட்டு வாங்கின. இவ்வாறு உருவானதே "பிணைப்பு பப்" முறை. இதில் குத்தகைதாரர் வாடகை செலுத்துவதோடு, பீரையும் உடைமையாளரிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும்.

1989ஆம் ஆண்டில் ஆறு பெரிய ஆலைகளின் ஆதிக்கத்தை ஆராய்ந்த போட்டி ஆணையம், நுகர்வோருக்கு இது கேடு என்று முடிவு செய்தது. அதையடுத்து வந்த அரசாணை, 2,000க்கு மேல் பப்புகளை வைத்திருந்த ஆலைகள், அந்த மிகுதியில் பாதியை 1992க்குள் பிணைப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. நோக்கம் நல்லதே, விளைவு வேறாயிற்று. விற்கப்பட்ட பப்புகளைப் பீர் காய்ச்சாத பெருநிறுவனங்கள் வாங்கின. ஆணை பீர் ஆலைகளை மட்டுமே கட்டுப்படுத்தியதால், இவை எத்தனை ஆயிரம் பப்புகளையும் வைத்திருக்க முடிந்தது. இந்நிறுவனங்கள் ஆலைகளிடம் மொத்தமாகக் கழிவு விலையில் பீர் வாங்கி, தம் குத்தகைதாரருக்குக் கூடிய விலையில் விற்றன. பப்பை வாங்கப் பட்ட கடனும் பெரிது. அரசாணை 2003இல் விலக்கப்பட்டபோது, ஆறு ஆலைகளின் இடத்தில் சில பப் நிறுவனங்கள் நின்றன.

இரண்டு மைல் தொலைவில் உள்ள சிற்றாலையின் பீர் ஏன் எங்கள் பப்பில் இல்லை என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் விடை இதுதான். லேண்ட்லார்ட் விரும்பினாலும் வாங்க உரிமையில்லை. 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமாக நடைமுறைக்கு வந்த பப் நெறிமுறை, 500 அல்லது அதற்கு மேற்பட்ட பிணைப்பு பப்புகளை உடைய நிறுவனங்களின் குத்தகைதாரர், குறிப்பிட்ட தருணங்களில் பிணைப்பை நீக்கிச் சந்தை வாடகை மட்டும் செலுத்தக் கேட்கலாம் என வழி செய்தது.

அறைகளும் அவற்றில் இடம் பெற்றோரும்

பழைய பப்பில் ஒரே கூரையின் கீழ் பல அறைகள் இருந்தன. "பப்ளிக் பார்" தொழிலாளருக்கானது. வெறும் பலகைத் தரை, மர இருக்கைகள். "சலூன் பார்" கம்பளம் விரித்தது. அதே பீருக்கு அங்கு விலை சற்றுக் கூடுதல். "ஸ்னக்" எனப்படும் சிற்றறையில் பிறர் கண்ணில் படாமல் அருந்தலாம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலான பப்புகளில் தடுப்புச் சுவர்கள் இடிக்கப்பட்டு ஒரே கூடமாக ஆக்கப்பட்டன. மூத்த வாடிக்கையாளர்கள் இதை இன்றும் குறையாகச் சொல்வர். வகுப்புப் பிரிவினை ஒழிந்தது நன்று என்போரும் உளர்.

அனைவருக்கும் திறந்த வீடு என்னும் பெயர் நெடுங்காலம் முழு உண்மையாக இருக்கவில்லை. போல்ட்டன் ஆய்வுக் காலத்தில் சில அறைகளுக்குள் பெண்கள் செல்ல இயலாது. இலண்டன் பிளீட் தெருவில் பத்திரிகையாளர்கள் கூடிய எல் வினோ என்னும் மதுவகம், பெண்கள் கவுண்டரில் நின்று மது வாங்குவதை மறுத்து, பின்னறையில் அமரச் சொல்லி வந்தது. பத்திரிகையாளர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவருமாகப் பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில், 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இது சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்த்தது.

நிறத்தடை இதனினும் கொடியது. கறுப்பினத்தவருக்கும் தெற்காசியருக்கும் மது வழங்க மறுத்த பப்புகளும், அவர்களைப் பப்ளிக் பாரில் மட்டும் அனுமதித்த பப்புகளும் 1960களில் பல இருந்தன. 1964ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரின் பே ஆர்ஸ் பப்பில் மது மறுக்கப்பட்ட பால் ஸ்டீபன்சன், வெளியேற மறுத்துக் கைதானார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. பர்மிங்காமை அடுத்த ஸ்மெத்திக்கில், பஞ்சாபிலிருந்து குடியேறி வார்ப்பாலையில் பணியாற்றிய அவதார் சிங் ஜோல், இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் இத்தடைக்கு எதிராக இயங்கினார். 1965ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டம் பப் உள்ளிட்ட பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. இன்று அதே மேற்கு மிட்லாண்ட்ஸ் பகுதியில், இந்திய மரபினர் நடத்தும் "தேசி பப்"கள் பெயர் பெற்றுள்ளன. அங்கு ஒரு பைன்ட் ஏலுடன் தணலில் வாட்டிய இறைச்சித் தட்டும் கிடைக்கும்.

சுற்று

நண்பர்கள் குழுவாக வந்தால் ஒவ்வொருவரும் முறைவைத்து அனைவருக்கும் பீர் வாங்குவர். இது "ரவுண்டு", அதாவது சுற்று எனப்படுகிறது. தன் முறை வரும் வேளையில் நழுவுபவர் நெடுநாள் நினைவில் வைக்கப்படுவார். மேசைக்கு வந்து பரிமாறும் வழக்கம் பொதுவாக இல்லை. கவுண்டருக்குச் சென்று வாங்க வேண்டும். அங்கு வரிசை இராது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது நிற்போர் அனைவருக்கும் தெரியும்.

மாறாத சச்சரவுகள்

உணவு பற்றிய கருத்து வேறுபாடு 1990களில் வலுத்தது. 1991இல் இலண்டன் ஃபாரிங்டன் சாலையில் "தி ஈகிள்" பப் நல்ல உணவுடன் புதிதாகத் திறக்கப்பட்டபின், "கேஸ்ட்ரோ பப்" என்னும் வகை பரவியது. பீர் மட்டும் அருந்த வருபவர் முன்பதிவுப் பலகை வைத்த மேசைகளுக்கிடையே நிற்க நேர்ந்தது. பழமையைப் போற்றுவோர் விரும்பும் "உழவர் மதியவுணவு" (ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய்) என்பதும்கூட 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பாலாடைக்கட்டி விற்பனையைப் பெருக்க விளம்பரப்படுத்தப்பட்ட பெயர் என்பது சுவையான செய்தி.

1979இல் டிம் மார்ட்டின் தொடங்கிய வெதர்ஸ்பூன் நிறுவனத்தின் பப்புகள் மற்றொரு சச்சரவு. இசையில்லாமை, மலிவான பீப்பாய் ஏல் ஆகியவை ஆர்வெலின் பட்டியலை நினைவூட்டும். அவற்றுள் பலவற்றுக்கு "மூன் அண்டர் வாட்டர்" என்றே பெயரிடப்பட்டது. எனினும் பழைய திரையரங்கிலும் வங்கியிலும் அமைந்த பெருங்கூடத்தில் பரிமாறுபவருக்கு எவர் பெயரும் தெரிவது அரிது. ஆர்வெலின் பத்தில் சிலவற்றை மட்டும் தொழிற்சாலை முறையில் தருவது இது எனலாம். ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்த விலை வேறுபாடு சிறியது அன்று.

மூடப்படுதலும் மீட்பும்

ஐக்கிய இராச்சியத்தில் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 பப்புகள் இருந்தன; 2024இல் ஏறத்தாழ 45,000. கடைகளில் விற்கும் மலிவு பீர், வரி, 2007 சூலை 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த புகைத்தடை, 2020இன் பெருந்தொற்று மூடல் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. வாடிக்கையாளர்கள் மிகுதியாகச் சுட்டுவது மனை விலையை. நகரில் நன்றாக நடக்கும் பப்பைவிட, அதை இடித்துக் கட்டும் அடுக்ககம் உடைமையாளருக்குப் பன்மடங்கு ஈட்டித்தரும். அந்நிலையில் பீர் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

கும்பிரியா மாவட்டத்தின் எஸ்கட் நியூமார்க்கெட் என்னும் சிற்றூரில், "ஓல்டு கிரவுன்" பப்பை 2003இல் ஊராரே கூட்டுறவாக வாங்கினர். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், ஒரு பப்பைச் "சமூக மதிப்புள்ள சொத்து" எனப் பதிவு செய்ய வழிவகுத்தது. அவ்வாறு பதிவானதை விற்க முற்பட்டால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் வரை அவகாசம் கோரலாம். தென்கிழக்கு இலண்டன், நன்ஹெட் பகுதியின் "ஐவி ஹவுஸ்" 2012இல் இவ்வாறு பதிவாகி, 2013இல் அப்பகுதி மக்களின் உடைமையாகத் திறக்கப்பட்டது. 2017 மே மாதம் முதல் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயமாயிற்று.

இலண்டன் கில்பர்ன் பகுதியின் "கார்ல்டன் டாவர்ன்" பப்பின் கதை இவற்றுள் தனித்தது. 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இதனைப் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவிப்பது பற்றி ஆராயப்பட்டுக்கொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில் உடைமையாளர் அனுமதியின்றி இடித்துத் தள்ளினார். அங்கு வழக்கமாக அருந்தியோரும் அண்டை வீட்டாரும் விடாது முறையிட்டனர். கட்டிடத்தின் விவரங்கள் முன்னரே பதிவு செய்யப்பட்டிருந்தமையால், இருந்தபடியே செங்கல் செங்கலாக மீண்டும் கட்ட ஆணை பிறந்தது. மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. இடிபாடுகளிலிருந்து மீட்ட பொருட்கள் சிலவற்றையும் சேர்த்துக் கட்டப்பட்ட கார்ல்டன் டாவர்ன் 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் முதல் சில வாரங்கள் வெளியில் மட்டுமே அமர முடிந்தது.